பாயில் மூன்று தட்டுகள்

ஒரு வருஷத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று நேரத்தில்தான் சாப்பிட்டோம். மகளுக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு. செல்போனில் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், நான் ஊட்டிக்கொண்டிருப்பேன். அவளைத் தூங்க வைத்துவிட்டு, அடுப்படி மேடையில் சாய்ந்து நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொள்வேன். என் கணவர் எட்டரைக்கு மேல் வருவார். மூடி வைத்திருப்பதைத் திறந்து, தனியாக உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். சாப்பாட்டு மேஜை ஒன்று இருந்தது, கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்தது. அதன்மேல் துவைத்த துணிகள்தான் குவிந்து கிடந்தன.

நான் கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அவருக்கு மணியாச்சி ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை. தினமும் ரயிலில் போய் வருவார். பகலில் மகளை இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஒரு அக்கா பார்த்துக்கொள்வார். கேட்பவர்களிடம் நான் சொல்லும் காரணம் இதுதான்: ஆளுக்கொரு நேரத்தில் வேலை, ஆளுக்கொரு நேரத்தில் சாப்பாடு. அதை நானே நம்பவும் செய்தேன்.

உண்மையான காரணம் ஓர் ஆப்பிள் துண்டு.

மகளுக்கு ஒரு வயது முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் ஆப்பிளை நறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவள் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று கையை நீட்டியிருக்கிறாள். சின்னதாக ஒரு துண்டு கொடுத்திருக்கிறார். எல்லா அப்பாக்களும் கொடுப்பதுதான். திடீரென்று கூடத்தில் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மைதான் என்னை அடுப்பிலிருந்து திரும்ப வைத்தது. பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றாள். அழவில்லை, இருமவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

அவர் அவளை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் அடித்தார். ஒன்று, இரண்டு, இன்னும் ஒன்று. துண்டு தரையில் வந்து விழுந்தது. பிறகு அவள் வீறிட்டு அழுதாள். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. தோசை கருகிய வாடை மட்டும் மத்தியானம்வரை வீட்டில் நின்றது.

அதன்பிறகு நான் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தேன். சோறும் பருப்பும் சேர்த்து ஓர் அடி. இட்லியைப் பாலில் ஊற வைத்து ஓர் அடி. வாழைப்பழத்தைக்கூட விடவில்லை. பசை மாதிரி வழியும் அந்தக் கூழை ஸ்பூனில் எடுத்து, அவள் பாட்டில் லயித்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே தள்ளுவேன். இரண்டு வயது தாண்டியும் அதே கதைதான். அரைபடாத ஒரு பருக்கை நாக்கில் பட்டுவிட்டால் போதும், ஓங்கரித்துக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுவாள். பசி என்று அவள் கேட்டதே இல்லை. எடை ஏறவில்லை. அக்கா வீட்டுக்கும் ஃபிளாஸ்கில் கூழ்தான் போகும்.

பிள்ளைகள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மெதுவாகப் பேசும் நடுவயது அம்மா அவர். மகளின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வாய் நெறைய பல்லு இருக்கேம்மா. அதுக்கு எப்ப வேலை குடுக்கப் போறீங்க?"

நான் ஆப்பிள் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பயம் வரத்தான் செய்யும். ஆனா பிள்ள மெல்லப் பழகலன்னா அதுவும் ஆபத்துதான். கெட்டியானது, உருண்டையானது, முழுக்கடலை, இதெல்லாம் இப்ப வேண்டாம். கையால மசிச்ச சோறு குடுங்க. நிமுந்து உக்காரணும், ஓடிக்கிட்டே திங்கக் கூடாது. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. சத்தமா இருமுனான்னா அவளே வெளிய தள்ளுதான்னு அர்த்தம். அப்ப முதுகில அடிக்காதீங்க, விரலை விட்டுத் தோண்டாதீங்க. சத்தமே வரலன்னாதான் நீங்க இறங்கணும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து அன்று சாயங்காலமும் மிக்ஸியைத்தான் ஓட்டினேன். தெரிந்துகொள்வது ஒன்று, கை துணிவது வேறு.

சில நாட்கள் கழித்து, வேலை முடிந்து மகளைத் தூக்கிவரப் போனபோது அந்த அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாத. பிள்ளைக்குப் பசியே இல்லன்னு சொல்லுதியே, எங்க வீட்டு அவிய மத்தியானம் சோறுண்ண உக்காந்தாவன்னா எதுத்தாப்ல போயி உக்காந்துக்கிடுதா. அவிய வாயவே பாக்கா. அவிய மெல்ல மெல்ல இவளும் சும்மாவே வாய அசைக்கா. பாக்கப் பாவமா இருக்கு."

வீட்டில் அவள் யார் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்? நான் நின்றுகொண்டு தின்பதும் அவர் தனியாகத் தின்பதும் அவள் தூங்கிய பிறகு. எங்கள் வீட்டில் சாப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான் என்று அவள் நினைத்திருக்கக் கூடும்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "பொறவு இன்னொண்ணு. உங்க வீட்டு அவியளுக்கு ஏதும் மனசு சரியில்லையா? ஆறரை மணி வண்டியிலயே இறங்கிருதாவளாம். இறங்கி, ஸ்டேஷன் பெஞ்சுலயே உக்காந்திருக்காவளாம். எங்க அவிய ஆட்டோ ஸ்டாண்டுல நிக்கும்போது தினம் பாக்காவ."

எட்டரைக்கு மேல் வந்து நின்று, ரயில் தாமதம், லைனில் வேலை, அதிகாரி வந்தார் என்று அவர் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் குடிக்கிற ஆள் இல்லை, சீட்டு ஆடுகிற ஆளும் இல்லை. ஒரு மனிதன் வீட்டுக்குப் பத்து நிமிஷத் தூரத்தில் இறங்கி, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றால் வீட்டில் எதற்கோ பயப்படுகிறான் என்றுதான் தோன்றியது.

மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேரே ஸ்டேஷனுக்கு நடந்தேன். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிளாட்பாரத்தின் கடைசிப் பக்கம், வேப்ப மரத்தடி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். டிபன் பை மடியில் இருந்தது. கையில் போன்கூட இல்லை. எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்ன, இங்கன வந்திருக்க? பிள்ளைக்கு எதுவும்...?"

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. உங்களக் கூட்டிட்டுப் போக வந்தோம்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மகள் எங்கள் இருவருக்கும் நடுவே பெஞ்சில் ஏறி நின்றுகொண்டு தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"எதுக்கு இங்கன உக்காந்திருக்கீங்க?"

அவர், மகள் விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அவ சாப்பிட்டு முடிக்கட்டும்னுதான்."

"ஏன்?"

"அவ வாயிக்குள்ள எதும் போறதப் பாத்தா எனக்கு நெஞ்ச அடைக்குது. லீவு நாள்ல நீ ஊட்டும்போது நான் உள்ரூம்ல இருந்தாலும் காது அங்கனயே கெடக்கும். லேசா ஒரு இருமல் கேட்டாப் போதும், கையெல்லாம் நடுங்கிரும். உங்கிட்டச் சொன்னா நீயும் பயப்படுவ. அதான்." டிபன் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அத நறுக்குனது நாந்தான?"

"வெளிய எடுத்ததும் நீங்கதான்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். புரியாத மாதிரி ஒரு பார்வை.

"அன்னிக்கி நான் என்ன செஞ்சேன் தெரியுமா? செவுத்தப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். கத்தக்கூட வரல. நீங்கதான் தூக்கிக் குப்புறப் போட்டு முதுகுல அடிச்சீங்க. டாக்டர்ட்டக் கேட்டேன், செய்ய வேண்டியதத்தான் செஞ்சிருக்காவன்னு சொன்னாவ."

"எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல" என்றார். "கத்தி ஞாபகம் இருக்கு. நறுக்குன தட்டு ஞாபகம் இருக்கு. நீ சொல்லுதது எதுவும் ஞாபகத்துல இல்ல."

நான் அந்தக் காலையை முதலிலிருந்து சொன்னேன். எந்தக் கையில் அவளைத் தாங்கினார், எத்தனை அடி அடித்தார், துண்டு எங்கே விழுந்தது என்று எல்லாவற்றையும். அவர் யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் இதைப் பற்றிப் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேசினால் திரும்ப நடந்துவிடுமோ என்று இரண்டு பேரும் பயந்திருக்கிறோம்.

ஒரு சரக்கு வண்டி கடந்து போனது. பெட்டி ஒவ்வொன்றுக்கும் மகள் கையாட்டினாள். அது போய் முடிந்ததும் நான் சொன்னேன்:

"இனிமே மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். நீங்க ஊட்ட வேண்டாம். அவளப் பாக்கக்கூட வேண்டாம். உங்க தட்டுல உள்ளத நீங்க சாப்பிடுங்க. அவளுக்குச் சாப்பிடுதவங்களப் பாக்கணும், அவ்வளவுதான்."

"ஏதும் ஆயிருச்சின்னா?"

"நீங்க இருப்பீங்கள்ல" என்றேன். நான் அதைத் தைரியம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது.

அன்று வீட்டில் ரசமும் சோறும்தான் இருந்தது. கூடத்தில் பாயை விரித்து மூன்று தட்டு வைத்தேன். செல்போனை ஃபிரிட்ஜுக்கு மேலே தள்ளினேன். இவளுக்கு ரசத்தில் சோற்றைக் கையால் நன்றாகப் பிசைந்து, கொஞ்சம் நெய் விட்டு வைத்தேன். மிக்ஸி இல்லை.

முதல் நாள் சாப்பாடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் நடக்கவில்லை. போனைக் கேட்டு அழுதாள். தட்டைக் கவிழ்த்தாள். ரசம் பாயில் ஓடி அவர் வேட்டியை நனைத்தது. அவர் கதவோரமாக, எந்த நேரமும் எழுந்து போகிறவர்போல ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். நான் கடைசியில் கூழை அடித்து ஊட்டித்தான் தூங்க வைத்தேன்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் கொஞ்சம் குறைவாக அழுதாள். ஆனால் ஒன்று மாறிவிட்டது. ஆறரை வண்டியில் இறங்குகிறவர் ஆறேமுக்காலுக்கு வீட்டில் இருந்தார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் மகள் தானாகவே போய்ப் பாயை இழுக்க ஆரம்பித்தாள். முழுப்பாயையும் இழுக்க முடியாது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பாள், பாய் பாதியில் சுருண்டு நின்றுவிடும். மீதியை அவர் விரிப்பார்.

அவளைப் பார்க்காமல் சாப்பிட வேண்டும் என்ற என் நிபந்தனையை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அவள்தான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தை அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொள்வாள். அவர் தலையைக் குனிந்தால் இவளும் குனிவாள். அவருக்குச் சிரிப்பு வரும், அடக்கப் பார்ப்பார், முடியாது. அந்த வருஷத்தில் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

இப்படி ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் அப்பளம் பொரித்திருந்தேன். அவர் தட்டோரத்தில் இருந்த அப்பளத்தை இவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுத்தினாள், உடைந்தது. உடைந்த துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மொறுக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் தன் வாய்க்குள்ளிருந்து வருகிறது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கண்ணை விரித்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவருடைய கை பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது.

"நீங்க சாப்பிடுங்க" என்றேன் தாழ்ந்த குரலில்.

அப்பளம் கரைந்து உள்ளே போய்விட்டது. இவள் அடுத்த துண்டை எடுத்தாள். அன்று அவருக்கு அப்பளம் மிஞ்சவில்லை. அதன்பிறகு அப்பளத்தோடு ஒட்டிக்கொண்டு இரண்டு பருக்கை போனது. பிறகு பருப்புச் சோறு. பிறகு மசித்த உருளைக்கிழங்கு. ஓங்கரிப்பு உடனே நின்றுவிடவில்லை. ஆனால் ஓங்கரித்துத் துப்பிவிட்டு மறுபடியும் தட்டில் கையை வைத்தாள். முன்பெல்லாம் எழுந்து ஓடிவிடுவாள்.

அவருக்குப் பசுவந்தனைப் பக்கம் சொந்த ஊர். மழையை நம்பி உளுந்தும் பாசியும் போடுகிற குடும்பம். அந்தத் தடவை அறுவடை முடிந்து புது உளுந்து வந்திருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தோல் உளுந்தும் தேங்காயும் பூண்டும் போட்டு உளுந்தஞ்சோறு வைத்தேன், கூட எள்ளுத் துவையல். குழைய வெந்த சோறு. பூண்டுப் பற்களையெல்லாம் தேடி எடுத்துவிட்டுத்தான் இவளுக்குப் பிசைந்து வைத்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக நினைத்தேன்.

நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தாள். திடீரென்று இருமினாள். முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு முழங்காலில் நின்றார். கை அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. என் காதில் டாக்டர் சொன்னது கேட்டது.

"இருங்க. சத்தம் வருது. இருமட்டும்."

அவர் கை காற்றில் நின்றது. அவர் அடிக்கவில்லை, எழுந்து ஓடவும் இல்லை. அவள் மறுபடி இருமினாள். இன்னொரு தடவை, பலமாக. வாயிலிருந்து ஒரு பூண்டுப் பல் வழுக்கிப் பாயில் விழுந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை அவர் தட்டில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"ஆ."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் தட்டிலிருந்து கொஞ்சம் சோற்றை எடுத்து, விரல்களுக்கு நடுவே நசுக்கி நசுக்கிப் பார்த்து, ஒரு சின்ன உருண்டையாக்கி அவள் வாயில் வைத்தார். அவள் மென்றாள். நிதானமாக, கன்னம் புடைக்க மென்றாள். விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். இன்னொரு உருண்டை. இன்னொன்று. ஒரு வருஷத்துக்கு மேல் தன் கையால் அவளுக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காத மனிதர் அவர்.

அவள் போதுமென்று தலையைத் திருப்பிக்கொண்டதும் அவர் கைகழுவப் பின்பக்கம் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. எங்கள் தெருவில் தண்ணீரை அப்படி வீணாக்க மாட்டோம். நான் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது முகமும் கழுவியிருந்தார்.

"நா இன்னும் சாப்பிடவே இல்லையே. இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

போட்டேன். எனக்கும் போட்டுக்கொண்டேன். துவையலை வழித்துச் சாப்பிட்டோம். சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. சாப்பாடு எப்போதும் அமைதியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். சில நாள் மூன்று வாயோடு எழுந்து போய்விடுவாள். கத்திரிக்காயைக் கண்டால் தட்டுக்கு வெளியே வைப்பாள். எனக்கு இரவு வேலை வருகிற நாட்களில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் உட்காருகிறார்கள். அதை நினைத்து எனக்குப் பதற்றம் இல்லை. பக்கத்து அக்கா, "என்ன ஏட்டி, ஃபிளாஸ்க்க காணும்?" என்று கேட்டபோது, "இனிமே உங்க வீட்டுச் சோத்தையே கொஞ்சம் மசிச்சுக் குடுங்கக்கா" என்றேன். மிக்ஸியில் சட்னி மட்டும்தான் அரைக்கிறேன்.

போன மாதம் அவர் ஊரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் மகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. தனி இலை வேண்டுமென்று எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இடம் பிடித்துக்கொண்டாள். பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே சின்ன இலை ஒன்றைப் போட்டார். சாம்பார் அவள் பக்கம் ஓடி வர, கையால் அணை கட்டினாள். அவர் தன்பாட்டுக்கு எதிர் வரிசைக்காரரிடம் மழை விழுந்ததா, மக்காச்சோளம் எப்படி என்று பேசிக்கொண்டே இரண்டாவது தடவை ரசம் வாங்கினார். நான் பாயசம்வரை சாப்பிட்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு பஸ் ஏறினோம். கரிசல் காடு இருபுறமும் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஜன்னலோரம் அவர், நடுவில் மகள், இந்தப் பக்கம் நான். வயிறு நிறைந்த அசதியில் எப்போது தூங்கினோம் என்று தெரியவில்லை. கோவில்பட்டி வந்ததும் கண்டக்டர்தான் மூன்று பேரையும் தட்டி எழுப்பினார்.